ஓசூர் வாடகைக் குடியிருப்பில் ஸ்மார்ட் கருவிகள்: அறிகுறியைக் கொண்டு பழுதைக் கண்டறியும் முறை

ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளுக்கும் கர்நாடக எல்லைக்கு அப்பாலுள்ள பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகங்களுக்கும் வேலைக்குச் சென்று வருபவர்களில் பலர் பாகலூர் சாலை, தளி சாலை, மத்திகிரி, மூக்கண்டப்பள்ளி போன்ற பகுதிகளில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். மார்கழிக் குளிரில் காலை ஷிப்டுக்குக் கிளம்புவதற்கு முன் கீசர் தானாக இயங்க வேண்டும், இரவுப் பணி முடிந்து வருபவருக்கு வாசல் விளக்கு எரிய வேண்டும், வீட்டில் தனியாக இருக்கும் பெற்றோரைக் கேமரா வழியே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பன போன்ற தேவைகளுக்காகவே இவர்கள் ஸ்மார்ட் கருவிகளை வாங்குகிறார்கள். வாங்கிய பின் எழும் சிக்கல்களில் கருவியின் உற்பத்திக் குறையால் வருபவை குறைவு. சுவருக்குள் ஓடும் ஒயரிங் வீட்டு உரிமையாளருடையது. வைஃபை சில கட்டடங்களில் எல்லா வீடுகளுக்கும் பொதுவானது. கதவில் ஏற்கெனவே இருக்கும் பூட்டு முன்பு குடியிருந்தவரின் கணக்கில் பதிவாகியிருக்கலாம். இந்த மூன்றில் எது தடையாக நிற்கிறது என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொண்டால், நல்ல பல்பைக் குறையுள்ள பல்பு என்று திருப்பி அனுப்பும் வேலை மிச்சமாகும்.

சுவிட்ச் போர்டைத் திறக்க வேண்டிய எந்த வேலைக்கும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டே அதைச் செய்ய வேண்டும்; உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெற வேண்டும். 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி வாடகை ஒப்பந்தமே எழுத்து வடிவில்தான் இருக்க வேண்டும் என்பதால், "பழைய சுவிட்சுகளைப் பத்திரப்படுத்தி, காலி செய்யும்போது மீண்டும் பொருத்தித் தருகிறேன்" என்ற ஒரு வரியை அதிலேயே சேர்த்துக்கொள்வது எளிது.

அறிகுறி: செயலி தேடிக்கொண்டே இருக்கிறது, கருவி சேரவில்லை

இது எல்லோரும் முதலில் சந்திக்கும் சிக்கல். விலை குறைந்த பல்புகளும் பிளக்குகளும் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்குகின்றன. ஃபைபர் இணைப்புடன் இப்போது தரப்படும் ரௌட்டர்களோ 2.4, 5 ஆகிய இரண்டையும் ஒரே பெயரில் வெளியிடுகின்றன. தொலைபேசி வேகமான 5 கிகாஹெர்ட்ஸில் போய் அமர்ந்துகொள்வதால், சில செயலிகளால் கருவியையும் தொலைபேசியையும் சந்திக்க வைக்க முடிவதில்லை. ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுப்பது, அல்லது கருவியைச் சேர்க்கும் வரை மட்டும் 5 கிகாஹெர்ட்ஸை அணைத்து வைப்பது இதற்குத் தீர்வாகும். சேர்ந்த பின் அதை மீண்டும் இயக்கிக்கொள்ளலாம்.

அதன் பிறகும் சேரவில்லை என்றால், பல்பு சிமிட்டும் விதத்தைக் கவனிக்க வேண்டும். பல தயாரிப்புகளில் வேகமான சிமிட்டல் ஒரு முறையையும், மெதுவான சிமிட்டல் வேறொரு முறையையும் குறிக்கும். மெதுவாகச் சிமிட்டும்போது பல்பு தனக்கென ஒரு சிறு வைஃபையை வெளியிடுகிறது. தொலைபேசியை அந்த வைஃபையில் இணைத்துவிட்டுச் செயலிக்குத் திரும்பினால், வேகமான முறையில் சேராத கருவியும் சேர்ந்துவிடுவதுண்டு. இந்த நேரத்தில் தொலைபேசியின் மொபைல் டேட்டாவை அணைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால், "இந்த வைஃபையில் இணையம் இல்லை" என்று கண்டுகொண்ட தொலைபேசி, நமக்குச் சொல்லாமலேயே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். செயலிக்கு இருப்பிட அனுமதி தரப்பட்டிருக்கிறதா, ஐஃபோன் என்றால் உள்ளூர் நெட்வொர்க் அனுமதி தரப்பட்டிருக்கிறதா, விபிஎன் எதுவும் ஓடுகிறதா என்பவற்றையும் பார்க்க வேண்டும்.

ரௌட்டர் பக்கத்தில் பார்க்க வேண்டியவை இன்னும் இரண்டு. பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று மட்டும் வைக்கப்பட்டிருந்தால் பழைய கருவிகள் சேராது. டபிள்யூபிஏ2-உம் கலந்த முறைக்கு மாற்ற வேண்டும். சேனல் 12 அல்லது 13-இல் இருந்தால் சில கருவிகளுக்கு அந்த வைஃபை கண்ணிலேயே படாது. 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றில் நிலையாக வைப்பது நல்லது. நான்கு மாடிக் கட்டடத்தில் நின்று தேடினால் அக்கம்பக்கத்து ரௌட்டர்களின் பெயர்கள் வரிசையாக வந்து விழும் என்பதால், இந்த மூன்றில் கூட்டம் குறைவான சேனல் எது என்பதை இலவசச் செயலி ஒன்றால் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

அறிகுறி: தொலைபேசியில் இணையம் வருகிறது, எந்தக் கருவியும் சேரவே மாட்டேன் என்கிறது

உரிமையாளரே வைஃபை தரும் வீடுகளிலும் பிஜி விடுதிகளிலும் இது வழக்கம். இணைந்தவுடன் ஒரு பக்கம் திறந்து, தொலைபேசி எண்ணையும் கடவுச்சொல்லையும் கேட்கும் வைஃபை என்றால், பல்புக்கு அந்தப் பக்கத்தைத் திறக்கும் வழி இல்லை. பக்கம் திறக்காத இடங்களிலும், ஒருவர் கருவியை மற்றவர் பார்க்க முடியாதபடி ரௌட்டரிலேயே தடுப்பு போட்டிருக்கலாம். அந்தத் தடுப்பு நியாயமானது. அதை நீக்கச் சொல்லி உரிமையாளரிடம் வாதாடுவது முறையன்று.

சிறிய பயண ரௌட்டர் ஒன்றை வாங்கி, பொது வைஃபையிலிருந்தோ லேன் கம்பியிலிருந்தோ இணையத்தைப் பெற்று, நம் வீட்டுக்குள் நம் பெயரில் தனி வைஃபையை உருவாக்கிக்கொள்வதே இதற்குச் சரியான தீர்வு. கடவுச்சொல் கேட்கும் பக்கத்தில் அந்த ரௌட்டர் வழியாக ஒருமுறை நுழைந்துவிட்டால், அதன் பின்னால் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் இணையம் கிடைக்கும். சொந்தமாக ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர்களுக்கும் இந்த ஏற்பாட்டை நான் பரிந்துரைப்பேன். ஏனெனில் வாடகைக்கு இருப்பவர் என்றாவது ஒருநாள் வீடு மாறத்தான் போகிறார். வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் பாதுகாப்பு முறையும் மாறாத வரை, ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கோ தர்மபுரிக்கோ குடிபெயர்ந்தாலும் கருவிகள் எந்த வேறுபாட்டையும் அறியாது. மின்சாரம் கொடுத்தவுடன் தாமாகவே இணைந்துவிடும். சேவை நிறுவனம் தந்த ரௌட்டரின் பெட்டியில் அச்சிட்ட பெயரையே வைத்திருப்பவர், ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் எல்லாக் கருவிகளையும் ஒவ்வொன்றாக மீண்டும் சேர்க்க வேண்டியிருக்கும்.

அறிகுறி: கருவி அடிக்கடி ஆஃப்லைன் என்று காட்டுகிறது

முதலில் சுவரைப் பார்க்க வேண்டும். ஸ்மார்ட் பல்பின் சுவிட்சை வீட்டில் யாரேனும் அணைத்துவிட்டால் பல்பு ஆஃப்லைன்தான். அறையை விட்டு வெளியேறும்போது விளக்கை அணைப்பது நம் வீடுகளில் சிறு வயதிலிருந்து ஊட்டி வளர்த்த பழக்கம். அதை ஒரு பல்புக்காக மாற்றச் சொல்லி அம்மாவிடம் கேட்பதைவிட, அந்த இடத்தில் பல்புக்குப் பதிலாக சுவிட்சையே ஸ்மார்ட்டாக மாற்றுவது வீட்டின் அமைதிக்கு நல்லது.

சுவிட்ச் போட்டிருந்தும் ஆஃப்லைன் என்றால், எப்போது அப்படி ஆகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மின்தடையின்போது மட்டும் என்றால், விளக்குகள் யூபிஎஸ் வரியில் இருக்கின்றன, ரௌட்டர் அதில் இல்லை என்று பொருள். ரௌட்டருக்கென விற்கப்படும் சிறிய 12 வோல்ட் யூபிஎஸ் ஒன்றைப் பொருத்தினால் போதும். ஆனால் ரௌட்டரும் ஃபைபர் பெட்டியும் தனித்தனியாக இருக்கும் வீடுகளில் இரண்டுக்கும் மின்சாரம் தர வேண்டும். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சேவை நிறுவனத்தின் பெட்டி ஒன்று இருந்து, அதற்கு மின்சாரம் நின்றுபோனால் நம் வீட்டு ஏற்பாடு எதுவும் பயன்படாது. எந்நேரமும் விட்டு விட்டு ஆஃப்லைன் ஆவது கடைசி அறையில் உள்ள கருவி மட்டும் என்றால், ரௌட்டருக்கும் அதற்கும் இடையில் இரும்பு பீரோ இருக்கிறதா என்று பாருங்கள். சாலிட் பிளாக் சுவர்கள் இரண்டைக் கடந்து வரும் சமிக்ஞையை ஓர் இரும்பு பீரோ முழுவதுமாக மறைத்துவிடக்கூடும். ரௌட்டரை இரண்டடி நகர்த்தி, தரையிலிருந்து உயர்த்தி வைத்தாலே சரியாகிவிடுவதுண்டு. புதிதாக ஒரு கருவியைச் சேர்த்ததும் பழைய கருவி ஒன்று வெளியேறுகிறது என்றால், ரௌட்டரின் இணைப்பு உச்சவரம்பு நிறைந்துவிட்டது.

அறிகுறி: கரண்ட் வந்ததும் பல்பு வேகமாகச் சிமிட்டுகிறது, செயலியில் இல்லை

சித்திரை வைகாசியில் மாலை நேர இடிமழை வரும்போது மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கும். பல ஸ்மார்ட் பல்புகளை மீளமைக்கும் முறையே, சுவிட்சைத் தொடர்ந்து மூன்று அல்லது ஐந்து முறை அணைத்துப் போடுவதுதான். மின்சாரம் இரண்டு நிமிடத்துக்குள் பலமுறை விட்டு விட்டு வந்தால், யாரோ வேண்டுமென்றே மீளமைக்கிறார்கள் என்று பல்பு எடுத்துக்கொண்டு, வைஃபையை மறந்து சேர்ப்பு நிலைக்குப் போய்விடுகிறது. பல்பு பழுதாகவில்லை. அவசரப்பட்டுச் செயலியிலிருந்து பழைய பதிவை நீக்கிவிடாமல், அப்படியே புதிதாகச் சேர்த்தால், பெயரும் நேர அமைப்புகளும் பெரும்பாலும் பழையபடியே கிடைக்கும். மீண்டும் நிகழாமல் இருக்க, அந்த ஹோல்டரை யூபிஎஸ் வரிக்கு மாற்றுவது ஒரு வழி. வாசல், குளியலறை போன்ற இடங்களில் சாதாரண பல்பையே போட்டுவிட்டு, சுவிட்சுக்குப் பின்னால் போர்டுக்குள் அமர்ந்து அதை ஸ்மார்ட்டாக்கும் சுவிட்ச் மாட்யூல் பொருத்துவது மற்றொரு வழி.

நள்ளிரவில் மின்சாரம் திரும்பியதும் எல்லா விளக்குகளும் முழு ஒளியில் எரிவது வேறு சிக்கல். மின்சாரம் திரும்பும்போது கருவி எந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற அமைப்பு செயலியில் இருக்கும். அதைக் கடைசி நிலை என்று மாற்றிவிட வேண்டும். கீசர் பிளக்குக்கு மட்டும் அணைந்த நிலை என்று வைப்பது பாதுகாப்பானது.

அறிகுறி: சுவிட்ச் மாட்யூல் பொருத்திய பின் விளக்கு மங்கலாக எரிகிறது, அல்லது ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி) ட்ரிப் ஆகிறது

இங்கே சற்று நிதானமாகப் போக வேண்டும், ஏனெனில் வாடகை வீட்டுச் சிக்கல்களில் ஆபத்தானவை இந்தப் பிரிவில்தான் இருக்கின்றன.

சாதாரண சுவிட்சுக்கு ஃபேஸ் கம்பி மட்டும் போதும். ஸ்மார்ட் மாட்யூல் எந்நேரமும் விழித்திருக்க வேண்டியிருப்பதால் அதற்கு நியூட்ரலும் தேவை. போர்டில் மூன்று துளை சாக்கெட் ஒன்று இருந்தால், அங்கே நியூட்ரல் கம்பி இருக்கிறது என்று பொருள். சுவிட்சுகள் மட்டுமே உள்ள போர்டாக இருந்தால், எலக்ட்ரீஷியன் திறந்து பார்த்துவிட்டு, "சார், இந்த போர்டுல நியூட்ரலே வரலைங்க" என்று சொல்வது நடக்கக்கூடியதே. அப்படிப்பட்ட இடத்துக்கென நியூட்ரல் தேவைப்படாத மாட்யூல்கள் உண்டு. அவை விளக்கின் வழியாகவே ஒரு சிறு மின்னோட்டத்தை எப்போதும் எடுத்துக்கொள்கின்றன. 5 வாட், 9 வாட் எல்இடி விளக்குகள் அந்தச் சிறு ஓட்டத்துக்கே மினுக்கிடத் தொடங்கிவிடுவதால், அணைத்த பின்னும் மங்கலாக எரிவதும் துடிப்பதும் நிகழ்கின்றன. மாட்யூலுடன் தரப்படும் பைபாஸ் மின்தேக்கியை விளக்கின் இரு முனைகளுக்கும் குறுக்கே பொருத்தினால் இது நின்றுவிடும். மின்தேக்கி இடம்பெற வேண்டியது விளக்குப் பக்கத்தில்தான், போர்டில் அன்று.

நியூட்ரல் இல்லாத போர்டில் எர்த் கம்பியை நியூட்ரலாகப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால், அவரை அத்துடன் அனுப்பிவிடுங்கள். டெஸ்ட் லேம்ப் அதில் எரியும், மாட்யூலும் இயங்கும். ஆனால் எர்த் எங்கேனும் அறுந்திருந்தால், ஃபிரிட்ஜ் முதல் கீசர் வரை உலோக உடல் கொண்ட எல்லாவற்றிலும் மின்சாரம் ஏறிவிடும். ஆர்சிசிபி உள்ள வீட்டில் அது ட்ரிப் ஆகிக் காட்டிக்கொடுக்கும். இல்லாத வீட்டில் தொட்டவருக்குத்தான் தெரியும்.

எர்த்தை அல்லாமல் நியூட்ரலையே கொடுத்தும் ஆர்சிசிபி ட்ரிப் ஆகிறது என்றால், கொடுத்த நியூட்ரல் வேறொரு வரியுடையதாக இருக்கக்கூடும். நம் பகுதி வீடுகளில் விளக்கும் விசிறியும் யூபிஎஸ் வரியிலும், சாக்கெட்டுகள் நேரடி மின்வாரிய வரியிலும் இருப்பது வழக்கம். ஒரே போர்டில் இரண்டு வரிகளும் வந்து சேர்வதால், விளக்கின் ஃபேஸை யூபிஎஸ் வரியிலிருந்தும் நியூட்ரலைப் பக்கத்து சாக்கெட்டிலிருந்தும் எடுத்துவிட நேர்கிறது. ஆர்சிசிபி வழியாகப் போன மின்னோட்டம் அதே வழியில் திரும்பாவிட்டால், கசிவு என்று கருதி அது துண்டித்துவிடும். பெரும்பாலான வீட்டு ஆர்சிசிபிகளுக்கு 30 மில்லி ஆம்பியர் வேறுபாடே போதும். எந்த வரியின் ஃபேஸோ அதே வரியின் நியூட்ரல் என்பதே விதி. கம்பியின் நிறத்தை நம்பி இதை முடிவு செய்யக் கூடாது. சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸுக்கு, கறுப்பு நியூட்ரலுக்கு, பச்சை எர்த்துக்கு என்பது முறை. ஆனால் வீடு கட்டியவர் கையில் மிச்சமிருந்த சுருளையெல்லாம் இழுத்திருந்தால், சிவப்பு கம்பி நியூட்ரலாக வேலை செய்துகொண்டிருப்பதையும் காணலாம்.

இடத்தைப் பற்றியும் ஒரு சொல். மரப்பெட்டியின் மேல் சன்மைக்கா தகடு திருகிய பழைய போர்டுகளைப் பார்த்துப் பலர் முகம் சுளிக்கிறார்கள். மாட்யூல் பொருத்துவதற்கு அவைதாம் வசதியானவை. உள்ளே ஆழமும் அகலமும் தாராளமாக இருக்கும். பளபளப்பான மாடுலர் போர்டுகளின் பெட்டி ஆழம் குறைந்தது என்பதால், மாட்யூலை உள்ளே திணித்து மூடும்போது கம்பி நசுங்கும் வாய்ப்புண்டு; மூடி சமமாக உட்காரவில்லை என்றால் அழுத்தித் திருகாமல், சிறிய மாட்யூலுக்கு மாறுவதே சரி.

அறிகுறி: விசிறி உறுமுகிறது, அல்லது ஒரே வேகத்தில் ஓடுகிறது

சுவரில் பழைய ரெகுலேட்டரை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு முன்னால் வேகம் மாற்றும் மாட்யூலைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும். பழைய ரெகுலேட்டரை இணைப்பிலிருந்து நீக்க வேண்டும். விளக்குக்கான டிம்மர் மாட்யூலை விசிறிக்குக் கொடுத்திருந்தாலும் உறுமல் வரும். ரிமோட்டுடன் வரும், மின்சாரத்தைச் சிக்கனமாக எடுக்கும் பிஎல்டிசி விசிறிக்கு எந்த ரெகுலேட்டரும் வேகம் மாற்றும் மாட்யூலும் கூடாது. அதற்கு நேரடி மின்சாரம் கொடுத்துவிட்டு, ரிமோட்டின் வேலையைச் செய்யும் கருவியால் இயக்க வேண்டும். மின்தடையின்போது மட்டும் உறுமினால், யூபிஎஸ் ஸ்கொயர் வேவ் (சீரான அலையாக அன்றி, சதுர வடிவில் மின்சாரம் தரும்) வகையா என்று பார்க்கவும்.

அறிகுறி: கீசர் பிளக் சூடாகிறது, பழுப்பு நிறமாகிறது, கருகிய வாடை வருகிறது

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் ஏசியைவிட கீசரே முதல் தேவை என்பதால், இங்கே அதிகம் விற்பனையாகும் ஸ்மார்ட் கருவிகளில் கீசருக்கான பிளக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது என் ஊகம். 2 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் எடுக்கும். 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர். 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் முதலாவது கணக்கில் அடங்குவது போலத் தோன்றினாலும், அரைமணி நேரம் எல்லைக்கு அருகிலேயே ஓடுவதை மலிவான பிளக்கின் உள்ளே மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே நெடுநாள் தாங்காது. கீசருக்கு 16 ஆம்பியர் வகை மட்டுமே பொருந்தும். கீசரின் தடித்த முனைகள் சிறிய பிளக்கில் நுழையாததால் கடையில் மாற்றிப் பொருத்தும் கன்வர்ட்டர் ஒன்றைத் தருவார்கள். நுழையாமல் வைத்ததே பாதுகாப்புக்காகத்தான்.

பிளக் 16 ஆம்பியராக இருந்தும் சூடானால், குறை பெரும்பாலும் சுவர் சாக்கெட்டில் இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தி, சற்று நேரம் கழித்துப் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள்: முனைகளில் ஒன்று மட்டும் கறுத்திருந்தால், சாக்கெட்டின் அந்தத் துளைக்குள் இருக்கும் பிடிப்பு தளர்ந்துவிட்டது, அல்லது அதன் பின்னால் கம்பி முறுக்கிய திருகு லூசாகிவிட்டது. பிளக் உள்ளே போகும்போது இறுக்கம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போவதும் அதே அறிகுறி. சாக்கெட்டை மாற்றாமல் புதிய ஸ்மார்ட் பிளக்கைப் பொருத்தினால் அதுவும் கருகும். இது சுவரின் பகுதி என்பதால், கருகிய முனையைப் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஸ்மார்ட் பிளக்கின் எடையே சாக்கெட்டை முன்னோக்கி இழுத்துத் தளர்த்துகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுவரில் தட்டையாக அமரும் வகை கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்கலாம். குளியலறைக்குள் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் சாக்கெட் இருந்தால் அங்கே எந்த ஸ்மார்ட் பிளக்கும் வேண்டாம்.

கீசர் குறித்த நேரத்துக்கு இயங்கியும் தண்ணீர் சூடாகவில்லை என்று வரும் புகாருக்கு, கீசர் சுவிட்ச் தனியாக அணைக்கப்பட்டிருப்பதே பெரும்பாலும் காரணம். சக்தி அளவைக் காட்டும் பிளக் என்றால் செயலியிலேயே இது தெரிந்துவிடும்: இயக்கத்தில் என்று காட்டியும் வாட் கணக்கு பூஜ்யமாக இருக்கும்.

அறிகுறி: "எல்லாவற்றையும் அணை" என்றால் டிவி இயங்குகிறது

ரிமோட்டுக்குப் பதிலாக அகச்சிவப்புக் கதிரை அனுப்பும் சிறு கருவி வாடகை வீட்டுக்கு மிகவும் ஏற்றது. எந்தக் கம்பியையும் தொடாமல் மேசைமேல் வைத்தாலே போதும். ஆனால் டிவி, செட்டாப் பாக்ஸ் ரிமோட்டுகளில் இயக்கவும் அணைக்கவும் பெரும்பாலும் ஒரே பொத்தான்தான். ஏற்கெனவே அணைந்திருக்கும் டிவிக்கு அந்தக் கட்டளை போனால் அது எழுந்துவிடும். அணைக்கும் தொகுப்பிலிருந்து டிவியை எடுத்துவிட்டு, அதற்கு ஒரு ஸ்மார்ட் பிளக் வைப்பதே வழி. ஏசி ரிமோட் பெரும்பாலும் அப்படியன்று; ஒவ்வொரு அழுத்தலிலும் வெப்பநிலை, விசிறி வேகம், இயக்கம் ஆகிய அனைத்தையும் சேர்த்து அனுப்பும் என்பதால், ஒரே கட்டளையை இரண்டு முறை அனுப்பினாலும் கெடுதல் இல்லை. கட்டளை போகவே இல்லை என்றால் இடையில் திரைச்சீலையோ சுவரோ மறைக்கிறதா என்று பார்க்கவும். அந்தக் கதிர் அறையைத் தாண்டாது.

அறிகுறி: குரல் உதவியாளர் பெயரைப் புரிந்துகொள்வதில்லை

அலெக்சா ஸ்பீக்கர்கள் இந்தியாவில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் கட்டளை கேட்கின்றன. "வாசல் விளக்கு" என்று பெயர் வைத்தால் ஆங்கிலம் எதிர்பார்க்கும் கருவி அதை வேறு ஏதோ சொல்லாக எடுத்துக்கொள்ளும். "கேட் லைட்", "ஹால் ஃபேன்" என நாம் அன்றாடம் சொல்லும் பெயர்களே அதற்கும் எளியவை. ஒரே சொல்லில் தொடங்கும் இரண்டு பெயர்களையும், அறையின் பெயரையே கருவிக்கு வைப்பதையும் தவிர்க்க வேண்டும். வீட்டுப் பெரியவர் வேறுவிதமாகச் சொல்வார் என்றால், அதே செயலுக்கு அவர் சொல்லும் தொடரையும் கூடுதலாகப் பதிவு செய்துவிடலாம்.

அறிகுறி: சொல்லாத நேரத்தில் விளக்கு எரிகிறது

நேர அமைப்பு இரண்டு இடங்களில் இருக்கிறதா என்று பார்க்கவும்: கருவியின் செயலியில் ஒன்று, குரல் உதவியாளரின் செயலியில் மற்றொன்று. ஒன்றை நீக்கியவர் மற்றதை மறந்திருப்பார். நேர மண்டலம் தவறாக இருந்தால் எல்லாமே சீராக ஒரே அளவு முன்னோ பின்னோ நடக்கும். ஐந்தரை மணி நேர வித்தியாசம் தெரிந்தால் கருவி இந்திய நேரத்தை அறியவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

வாரம்தோறும் ஷிப்ட் மாறும் வீட்டில், கடிகார நேரத்தை மட்டும் நம்பிய அமைப்பு ஒவ்வொரு வாரமும் பிழையாகும். ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று மூன்று தொகுப்புகளை உருவாக்கி, வாரத் தொடக்கத்தில் ஒன்றை மட்டும் இயக்கத்தில் வைப்பது நல்ல ஏற்பாடு. தொலைபேசியின் இருப்பிடத்தைக் கொண்டு இயங்கும் அமைப்பும் எல்லோருக்கும் ஒத்துவராது. தொழிற்சாலைக்கு நடந்து போகும் தூரத்தில் குடியிருப்பவருக்கு, வீட்டைச் சுற்றிய வட்டத்துக்குள் தொழிற்சாலையே வந்துவிட்டால், அவர் வீட்டை விட்டுக் கிளம்பியதையே செயலி உணராது.

அறிகுறி: "இந்தக் கருவி வேறொருவர் கணக்கில் உள்ளது"

கதவுப் பூட்டும் வாசல் கேமராவும் வீட்டோடு வந்திருந்தால், இந்தச் செய்தி வந்தாலும் வராவிட்டாலும் குடியேறும் அன்றே இரண்டையும் முழுமையாக மீளமைக்க வேண்டும். முன்பிருந்தவரின் எண்களும் விரல்ரேகைகளும் பூட்டில் அப்படியே இருக்கலாம். கேமரா இன்னமும் அவருடைய தொலைபேசியில் ஓடிக்கொண்டிருக்கலாம். சில தயாரிப்புகளில் மீளமைத்தாலும் பழைய கணக்கிலிருந்து அவரே நீக்கினால்தான் புதியவர் சேர்க்க முடியும். உரிமையாளர் வழியாக அவரைத் தொடர்புகொண்டு கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை. அதுவரை கேமராவின் மின்சாரத்தைத் துண்டித்து வையுங்கள்.

பூட்டின் மோட்டார் சத்தமிட்டும் நாக்கு வெளியே வராவிட்டால், மழைக்காலத்தில் மரக்கதவு உப்பியதா என்று சோதிக்கவும்; கதவை உள்நோக்கி அழுத்திக்கொண்டு பூட்டும்போது வேலை செய்தால் பூட்டில் குறை இல்லை, தச்சருக்குத்தான் வேலை. கேமராவில் இரவில் வெறும் வெண்மை தெரிந்தால், அது கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்க்கிறது. எதிர்வீட்டுக் கதவு படத்தில் விழுந்தால் அந்தப் பகுதியைச் செயலியில் மறைத்துவிட வேண்டும். குறுகிய நடைவழியில் இதனால் வரும் மனத்தாங்கலைச் செயலியால் சரிசெய்ய இயலாது.

அறிகுறி: ஒட்டிய கருவி பெயிண்டோடு சேர்ந்து வருகிறது

டிஸ்டம்பர் பூசிய சுவரில் இருபக்கப் பசை நாடா ஒட்டினால் இது நடக்கும். இழுக்காமல், ஹேர் டிரையரால் மிதமாகச் சூடாக்கி, கருவிக்கும் சுவருக்கும் இடையில் மீன்பிடி நரம்பையோ தடித்த நூலையோ அறுப்பது போல மேலிருந்து கீழாக இழுத்தால், பசை சுவரில் தங்கி கருவி தனியாக வரும். சுவரில் நிற்கும் பசையை விரலால் உருட்டி எடுக்கலாம். ஆனால் வீட்டைக் காலி செய்யும்போது, எதையும் கழற்றுவதற்கு முன், கருவிக்கு மின்சாரமும் வைஃபையும் இருக்கும்போதே, வீட்டில் விட்டுச் செல்லும் ஒவ்வொன்றையும் செயலியிலிருந்து நீக்கிவிட வேண்டும். கருவி ஆஃப்லைனில் இருக்கும்போது நீக்கினால், சில தயாரிப்புகளில் பழைய வைஃபை விவரமும் நேர அமைப்புகளும் கருவிக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. உடன் எடுத்துச் செல்லும் கருவிகளை நீக்க வேண்டியதில்லை.